முயலை உரித்த கைகள்

எங்க அப்பா காலத்துல கடலைக்காட்டு ஓரத்துல வலை கட்டி முயல் பிடிக்கிறது ஊர்ல சாதாரணம். 1972-ல வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். அந்தச் சேதி எங்க ஊருக்கு வந்து சேரவே பல வருஷம் ஆச்சு. எனக்கு ஏழெட்டு வயசு இருக்கும்போது ஒருநாள், பிடிச்சுட்டு வந்த முயலோட வயித்தைக் கிழிச்சா உள்ளே பட்டாணி அளவுல நீர்க்கொப்புளம், கொத்துக் கொத்தா. அம்மா முகத்தைத் திருப்பிக்கிட்டாங்க. "இது ஆகாது"ன்னு சொல்லி அப்பா முழு முயலையும் நாய்க்குத் தூக்கிப் போட்டுட்டார்.

ரொம்ப நாள் கழிச்சு அதைப் பத்திப் படிச்சேன். அப்பா செஞ்சது தலைகீழ்! அந்தக் கொப்புளம் ஒருவகை நாடாப்புழுவோட இளம் பருவம். மனுஷனை அது ஒண்ணும் செய்யாது. நாய் தின்னாதான் அது குடல்ல புழுவா வளரும். நாய் கழிக்கிற மலம் வழியா முட்டை புல்லுக்குப் போகும், அந்தப் புல்லை இன்னொரு முயல் மேயும். எங்க நாயை நாங்களே அந்தச் சுற்றுல சேர்த்து விட்டிருக்கோம்.

அங்கிருந்துதான் அமெரிக்க முயல் வேட்டைக்காரர்கள் கதைக்குள் போனேன். அங்கேயும் இதே குழப்பம், ஆனால் விலை அதிகம். வட அமெரிக்காவில் ஒரு ஈ உண்டு. அதன் புழு முயலின் தோலுக்கு அடியில், பெரும்பாலும் கழுத்துப் பக்கம், விரல் நுனி அளவுக்குப் பருத்து வளரும். மூச்சு விடத் தோலில் ஒரு ஓட்டை வைத்துக்கொள்ளும். உரிக்கும்போது அதைப் பார்த்தவர்கள் குமட்டிப்போய் முயலையே வீசிவிடுவார்கள். அந்த இடத்தை அரிந்து எறிந்துவிட்டால் மிச்சக் கறிக்கு ஒரு கேடும் இல்லை. ஆளைக் கொல்லக்கூடியது வேறு. அது ஈரலில் குண்டூசித் தலை போல வெள்ளைப் புள்ளியாகத் தெரியும், அவ்வளவுதான். பல நேரம் அதைக்கூட யாரும் கவனிக்க மாட்டார்கள்.

அந்தக் கிருமி அகப்பட்டதே தற்செயல். 1906 நிலநடுக்கத்துக்குப் பிறகு சான் பிரான்சிஸ்கோவில் பிளேக் பரவியது. எலியிலிருந்து அது காட்டு அணில்களுக்கும் தொற்றிவிட்டதா என்று ஜார்ஜ் மெக்காய் என்ற அரசு மருத்துவர் ஆயிரக்கணக்கான தரை அணில்களை அறுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கலிபோர்னியாவில் துலாரே என்ற விவசாய மாவட்டத்து அணில்களில் பிளேக் மாதிரியே ஒன்று இருந்தது, ஆனால் பிளேக் இல்லை. 1911-ல் அதைப் பற்றி எழுதினார். அடுத்த ஆண்டு கிருமியைப் பிரித்தெடுத்து, ஊர்ப் பெயரையே அதற்கு வைத்தார்கள்.

மனுஷனுக்கும் அது வரும் என்பது 1914-ல்தான் உறுதியானது. சின்சினாட்டி நகரில் கறி வெட்டும் வேலை பார்த்த ஒரு இளைஞனுக்குக் கண் வீங்கிப் புண்ணாகி, காதோரம் நெறி கட்டியிருந்தது. கண்ணிலிருந்து எடுத்த சீழில் துலாரே கிருமி. கறி வெட்டிய கையால் கண்ணைக் கசக்கினால் போதும், அப்படித்தான் கண்ணுக்கு ஏறும்.

அதே காலத்தில் யூட்டா மாநிலத்து விவசாயிகள் வேறொரு பெயரில் இதே நோயோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். வெயில் காலத்தில் ஒரு பெரிய ஈ கடிக்கும், கடித்த இடம் புண்ணாகும், பக்கத்தில் நெறி கட்டும், காய்ச்சல் வாரக்கணக்கில் இறங்காது. 'மான் ஈக் காய்ச்சல்' என்றார்கள். வேலை மும்முரமான மாசத்தில் ஆள் படுத்துவிட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1919-ல் எட்வர்ட் பிரான்சிஸ் என்ற மருத்துவர் அங்கே அனுப்பப்பட்டார். காட்டு முயலிலிருந்து ஈ வழியாக மனுஷனுக்கு வரும் அதே கிருமிதான் என்று கண்டுபிடித்து, 'துலரீமியா' என்று பெயரும் வைத்தார். ஆராய்ச்சியின்போது அவருக்கும் தொற்றியது, கூட வேலை செய்தவர்களுக்கும் தொற்றியது. பத்துக் கிருமி உடம்புக்குள் போனாலே நோய் வரும்.

பிரான்சிஸ் அதோடு விடவில்லை. வாஷிங்டன் சந்தையில் முயல் உரிக்கும் ஆட்களிடம் போனார். அவர்கள் 'முயல் காய்ச்சல்' என்று ஏற்கெனவே ஒரு பெயர் வைத்திருந்தார்கள். மருத்துவப் புத்தகத்தில் வரும் முன்பே சந்தைக்குத் தெரிந்திருந்த நோய். நன்றாக வெந்த கறியைத் தின்றவனுக்கு ஒன்றும் ஆகவில்லை, சூட்டில் கிருமி செத்துவிடும். உரித்தவன், குடலை எடுத்தவன், சமையலறையில் துண்டு போட்ட வீட்டம்மா, இவர்கள்தான் படுத்தார்கள். குளிரில் உறைய வைத்த கறியிலும் கிருமி வருஷக்கணக்கில் உயிரோடு இருக்கும்.

இதே கதை ஜப்பானில் தனியாக நடந்துகொண்டிருந்தது. புகுஷிமா பகுதியில் செத்துக் கிடந்த காட்டு முயலை எடுத்துச் சமைத்தவர்களுக்குக் காய்ச்சலும் நெறியும் வந்தது. 1925-ல் அதை ஆராய்ந்தவர் ஹச்சிரோ ஓஹாரா என்ற மருத்துவர். முயலிலிருந்துதான் வருகிறது என்று நிரூபிக்க ஒரு மனித உடம்பு வேண்டியிருந்தது. அவர் மனைவி ரிக்கி கையை நீட்டினார். செத்த முயலின் இருதய ரத்தத்தை அந்த அம்மாவின் புறங்கையில் தடவினார்கள். கையில் காயம் எதுவும் இல்லை. இரண்டு நாளில் காய்ச்சல், அக்குளில் நெறி. வீங்கிய நெறியை அறுத்தெடுத்து அனுப்பி வைக்க, அமெரிக்காவில் பிரான்சிஸ் சோதித்து 'இதுவும் அதுவேதான்' என்றார். ரிக்கி பிழைத்துக்கொண்டார். ஆனால் புத்தகங்களில் நோய்க்கு ஓஹாரா நோய் என்று கணவர் பெயர்தான் இருக்கிறது. இதைப் படிச்ச அன்னிக்கு எனக்குச் சாப்பாடே இறங்கலை. முயலை வலையில் பிடிச்சது அப்பா, உரிச்சு அலசினது எப்பவும் அம்மாதான்.

1930-களில் அமெரிக்காவில் வேலையில்லாக் காலம். துப்பாக்கி ரவைச் செலவு மட்டும் போட்டால் கிடைக்கும் கறி முயல்தான். ஏழை வீடுகளில் அது வாரச் சாப்பாடு. 1939-ல் மட்டும் 2,291 பேருக்கு இந்த நோய் என்று கணக்கில் ஏறியிருக்கிறது. நல்ல மருந்து அப்போது இல்லை. ஸ்ட்ரெப்டோமைசின் வந்தது 1940-களில்தான். அதற்கு முன் நோய் வந்த நூறு பேரில் ஐந்து பேராவது போய்விடுவார்கள், மிச்சப் பேர் மாசக்கணக்கில் எழ மாட்டார்கள்.

இதில் எனக்கு ரொம்ப உறைச்ச விஷயம் ஒண்ணு. நல்ல முயலை ஓட்டத்தில் பிடிப்பது லேசில்லை. நோய் கண்ட முயல் சுருண்டு உட்கார்ந்திருக்கும், பையன்கள் கம்பால் அடித்தே பிடிப்பார்கள், நாய் கவ்விக்கொண்டு வரும். 'அதிர்ஷ்டம்' என்று வீட்டுக்குக் கொண்டு வருவது அதைத்தான். வேட்டைக்காரர்களிடம் ஒரு பழைய விதி இருந்தது: முதல் உறைபனி விழும் வரை முயலைத் தொடாதே. காரணம் அவர்களுக்குப் புழுவும் ஈயும். ஆனால் விதி அதைவிடப் பெரிய வேலை பார்த்தது. குளிர் வந்தால் முயல் மேல் இருக்கும் உண்ணி குறையும், நோயை ஒரு முயலிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோவது அந்த உண்ணிதான். ஏற்கெனவே நோய் கண்ட முயலும் அதற்குள் செத்திருக்கும். இல்லினாய் மாநிலத்தில் இதை ஆராய்ந்து, வேட்டைக்காலத்தைத் தள்ளித் தொடங்கினால் நோயாளிகள் குறைவார்கள் என்று பிற்பாடு கணக்குப் போட்டே காட்டினார்கள். கையுறை போடு, சுருண்டு கிடப்பதைத் தொடாதே, நன்றாக வேகவை என்பதெல்லாம் பிரான்சிஸ் காலத்திலிருந்து சொல்லி வருவது.

முயல் கறி தின்பது அங்கே இப்போது குறைந்துவிட்டது, நோயும் வருஷத்துக்குச் சில நூறு பேர் என்று ஆகிவிட்டது. ஆனால் 1930-களில் மாசசூசெட்ஸ் கரையில் உள்ள மார்த்தாஸ் வின்யார்ட் என்ற தீவுக்கு, வேட்டையாட வேண்டும் என்பதற்காக ஆர்கன்சாஸ், மிசௌரி பக்கத்திலிருந்து முயல்களைக் கொண்டுபோய் விட்டார்கள். கொஞ்ச காலத்திலேயே தீவில் இந்த நோய் தலைகாட்டியது. 2000-ம் ஆண்டு கோடையில் அங்கே 15 பேருக்கு வந்தது, பெரும்பாலோருக்கு நுரையீரலில். ஒருவர் இறந்தார். முயல் பிடித்ததால் வந்ததில்லை. விசாரித்ததில், மிஷின் வைத்துப் புல்லும் புதரும் வெட்டிய வேலைதான் காரணம் என்று தெரிந்தது. வெட்டும்போது கிளம்பிய தூசியை அவர்கள் சுவாசித்திருந்தார்கள்.