வானதூதருக்கு முன்பே வந்த பேய்கள்

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் உள்ள லேக் ஜெனீவா என்னும் ஊரிலிருந்து 1974-இல் வெளிவந்த ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’, பாத்திரமேற்பு விளையாட்டு என்ற வகைக்கே தொடக்கமாகக் கருதப்படுகிறது. சிலர் ஒன்றாக அமர்ந்து ஆளுக்கொரு கற்பனை மாந்தரை ஏற்றுக்கொள்ள, ‘டன்ஜன் மாஸ்டர்’ எனப்படும் நடத்துநர் விவரிக்கும் உலகில் தம் மாந்தர் செய்வதை அவரவர் சொல்ல, அச்செயல் பலித்ததா என்பதைப் பகடையும் விதிநூலும் முடிவு செய்யும் ஆட்டம் இது. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கிய இந்த ஆட்டத்திற்குள் பேய்கள் 1976-இலேயே நுழைந்துவிட்டன. வானதூதர்களோ 1982 வரை காத்திருக்க நேர்ந்தது. ஆட்டம் இவ்விரு கூட்டத்தாரிடமும் எதை எதிர்பார்த்தது என்பதற்கு இந்த இடைவெளியே முதன்மையான சான்று.

முதல் விதிநூல்களில் டோல்கீனின் புனைவிலிருந்து வந்த பால்ராக் என்னும் நெருப்புப் பேய் இடம்பெற்றிருந்தாலும், பேயினம் தனி வகுப்பாக அமைந்தது கைகாக்ஸும் பிரையன் புளூமும் எழுதிய ‘எல்ட்ரிச் விசார்ட்ரி’ என்ற துணைநூலில்தான். ஒன்று முதல் ஆறு வரை எண்ணிட்டு வகுக்கப்பட்ட ‘டீமன்’களும், அவற்றின் தலைவர்களாக ஓர்கஸ், டெமகார்கன் ஆகிய இருவரும் அதில் விவரிக்கப்பட்டனர். ஓர்கஸ் பண்டை உரோமானியரின் பாதாளத் தெய்வம்; டெமகார்கனின் பெயர் மில்டனின் காவியத்திலும் உண்டு. 1977-இல் வெளிவந்த ‘மான்ஸ்டர் மேனுவல்’, அஸ்மோடியஸ், டிஸ்பேட்டர், கெரியன் முதலியோரின் ஆட்சிக்கு உட்பட்ட ‘டெவில்’ என்னும் இரண்டாம் இனத்தைச் சேர்த்தது. இந்திய மரபின் இராட்சதனும் அந்நூலில் புலித்தலையோடு வரையப்பட்டிருக்கிறான். ஆசி பெற்ற குறுக்குவில் அம்பே அவனைக் கொல்லும் என்ற விதி, புராணத்திலிருந்து வராமல் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் ஒன்றின் கதையிலிருந்து வந்தது.

பேயை இரண்டு இனமாகப் பிரித்ததே இந்த ஆட்டம் பேயியலுக்குச் செய்த உண்மையான பங்களிப்பு எனலாம். ஒவ்வொரு மாந்தரும் உயிரினமும் எந்த அறநிலையைச் சார்ந்தது என்று குறிக்கும் ‘அலைன்மெண்ட்’ என்ற விதி, போல் ஆண்டர்சன், மைக்கேல் மூர்காக் ஆகியோரின் நாவல்களைப் பின்பற்றி, தொடக்கத்தில் ஒழுங்கு, குழப்பம், நடுநிலை என்ற மூன்றை மட்டுமே அறிந்திருந்தது. நன்மை, தீமை என்ற இரண்டாம் அச்சைக் கைகாக்ஸ் 1976-இல் சேர்த்தபின், ஒழுங்கான தீமை, குழப்பமான தீமை என்ற இரு வேறு தீமைகளுக்கு இடம் உண்டாயிற்று. டெவில்கள் படிநிலைக்கு அடங்கி, ஒப்பந்தத்தின் எழுத்தைக் காத்து, அதன் பொருளால் மனிதரை வீழ்த்துவன. டீமன்களோ எந்த ஆணைக்கும் கட்டுப்படாது அழிவையே நாடுவன. கொடுங்கோல் ஆட்சியின் தீமையும் கட்டற்ற வன்முறையின் தீமையும் ஒன்றல்ல என்ற அரசியல் உண்மையைப் பகடையாட்டம் ஒன்று இளைஞர்களின் கையில் விதியாகவே கொடுத்தது என்பது சிறிய செய்தியன்று.

வானதூதர்களின் தாமதத்திற்குக் காரணம் ஆட்டத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. வெல்லப்பட வேண்டிய உயிரினத்திற்கே வலிமை, கவசம், தாக்கு ஆகியவற்றின் எண்கள் தேவைப்படுகின்றன. நல்லோராக ஆடுவோர் வாளெடுக்கத் தேவையில்லாத ஒருவருக்கு அந்த எண்களால் பயன் குறைவு. 1982-இல் ‘டிராகன்’ இதழில் கைகாக்ஸ் அறிமுகம் செய்து, மறு ஆண்டில் ‘மான்ஸ்டர் மேனுவல் 2’-இல் சேர்த்த தேவர், பிளானிட்டார், சோலார் ஆகிய மூவகை வானோரும் பேராற்றல் உடையவராயினும், நெருக்கடியில் வந்து உதவி மறைவதைத் தவிர அவர்களுக்கென்று கதை ஏதும் வகுக்கப்படவில்லை.

இதற்கிடையில் அமெரிக்கக் கிறித்தவ அமைப்புகள் சிலவும் பெற்றோர் பலரும் இந்த ஆட்டம் சாத்தான் வழிபாட்டைக் கற்பிப்பதாக அஞ்சினர். தம் மகனின் தற்கொலைக்கு ஆட்டமே காரணம் என்று நம்பிய தாய் ஒருவர் 1983-இல் எதிர்ப்பு இயக்கம் ஒன்றையும் தொடங்கினார். பதிப்பாளரான டி.எஸ்.ஆர். நிறுவனம் பணிந்தது. 1989-இல் வந்த இரண்டாம் பதிப்பில் டீமன், டெவில் என்ற சொற்கள் நீக்கப்பட்டன. 1991-இல் அவ்வினங்கள் ‘தனாரி’, ‘பாடெசு’ என்ற புனைபெயர்களோடு திரும்பின. அச்சத்துக்கு அடிபணிந்த இந்த முடிவு, எதிர்பாராத நன்மை ஒன்றையும் விளைவித்தது. சமயத்திலிருந்து விலக்கப்பட்ட பேய்களுக்குத் தமக்கென ஒரு வரலாறு தேவைப்பட, இரு இனங்களும் முடிவின்றிப் பொருதும் ‘பிளட் வார்’ என்னும் குருதிப்போர் படைக்கப்பட்டது. 1994-இல் டேவிட் குக் வடிவமைத்த ‘பிளேன்ஸ்கேப்’ உலகில், சிகில் என்ற நகரின் தெருக்களில் வானோரும் பேய்களும் அண்டை வீட்டாராக வாழ்ந்தனர். அவ்வுலகில் நிகழும் 1999-ஆம் ஆண்டுக் கணினி ஆட்டத்தில், காமத்தால் மனிதரை வீழ்த்தும் சக்குபஸ் இனத்தில் பிறந்தும் அதைத் துறந்து, அறிவின் வேட்கையை மட்டும் வளர்க்கும் இல்லம் ஒன்றை நடத்தும் பெண் பாத்திரம் வருகிறது; பேய் பிறப்பால் பேயாகவே இருக்க வேண்டுமா என்ற வினா அங்கே ஆட்டத்தின் நடுப்பொருளாகிவிடுகிறது.

1997-இல் டி.எஸ்.ஆரை வாங்கிய விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம், 2000-இல் மூன்றாம் பதிப்போடு பழைய பெயர்களை மீட்டது. வானோர்க்கு உண்மையான பங்கு கிடைத்தது அதன் பின்னரே. 2008-இன் நான்காம் பதிப்பு, வானதூதர் நல்ல தெய்வங்களுக்கு மட்டுமின்றித் தீய தெய்வங்களுக்கும் பணி செய்வோர் என்று மாற்றி, நரகின் தலைவன் அஸ்மோடியஸை எசமானைக் கொன்ற முன்னாள் வானதூதனாக்கியது. 2019-இல் வெளிவந்த ‘டிசெண்ட் இன்டு அவெர்னஸ்’ என்ற ஆட்டக்கதை இதனினும் ஆழமானது: குருதிப்போரைப் பார்த்துப் பொறுக்காமல் நரகின் மீது படையெடுத்துத் தோற்ற சேரியல் என்னும் வானதூதி, அதே நரகின் முதல் அடுக்கை ஆளும் டெவிலாகிவிட்டாள். ஆடுவோர் அவளுடைய பழைய வாளைத் தேடிக் கண்டெடுத்து அவள்முன் கொண்டு செல்லும்போது, அவளைக் கொல்வதற்கும் அவளோடு பேரம் பேசுவதற்கும் மட்டுமின்றி, அவளை மீண்டும் வானோராக்குவதற்கும் நூல் வழி தருகிறது.