மூன்று நிமிட மேடை

ஜமைக்காவுக்கு 1864-ல் பிரிட்டிஷார் எழுதிக் கொடுத்த குற்றச் சட்டம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. ஆணும் ஆணும் உறவு கொண்டால் பத்தாண்டு வரை கடுங்காவல். இந்தியாவுக்கு 1860-ல் வந்த தண்டனைச் சட்டத்தின் 377-ஆவது பிரிவின் தம்பி இது. அண்ணனின் பல்லை 2018-ல் நமது உச்ச நீதிமன்றம் பிடுங்கிவிட்டது; தம்பிக்குப் பல் அப்படியே இருக்கிறது. பெண்ணும் பெண்ணும் கொள்ளும் உறவைப் பற்றி ஜமைக்கா சட்டம் பேசுவதில்லை. அதனால் அங்கே பெண்கள் தப்பினார்களா? இல்லை என்பதற்கு ஜமைக்காவில் பிறந்த கவிஞர் ஸ்டேசியான் சின்னின் வாழ்க்கையே சாட்சி.

1972 கிறிஸ்துமஸ் நாளில் பிறந்தவர். தாய் கனடாவுக்குப் போய்விட்டார். சீன வம்சாவளித் தந்தை, மகள் என்று ஏற்கவில்லை. வளர்த்து ஆளாக்கியது காது கேளாத பாட்டி. பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது, தான் பெண்களை விரும்புபவள் என்று ஸ்டேசியான் வெளிப்படையாகச் சொன்னார். மாணவர் கும்பல் ஒன்று அவரைக் குளியலறைக்குள் தள்ளித் தாக்கியது. 1997-ல் நியூயார்க்குக்குப் புறப்பட்டுவிட்டார்.

அங்கே அவருக்குக் கிடைத்தது 'ஸ்லாம்' என்ற கவிதைப் போட்டி மேடை. ஒரு கவிதைக்கு மூன்று நிமிடம். பக்கவாத்தியம் கூடாது, வேஷம் கூடாது, உடம்பும் குரலும்தான். கூட்டத்திலிருந்தே ஐந்து பேரை நடுவராக உட்காரவைப்பார்கள். பத்துக்கு எத்தனை என்று அட்டையைத் தூக்கிக் காட்டுவார்கள். மிக அதிகமான மதிப்பெண்ணையும் மிகக் குறைவானதையும் கழித்துவிட்டு, மிச்சம் மூன்றைக் கூட்டுவார்கள். ஜமைக்காவில் வாயை மூடச் சொன்ன விஷயத்தை முகம் தெரியாத மனிதர்கள் முன்னால் உரக்கச் சொன்னார் ஸ்டேசியான்.

2002-ல் 'டெஃப் பொயட்ரி ஜாம்' என்ற கவிதை நிகழ்ச்சி நியூயார்க்கின் பிராட்வே நாடக மேடை ஏறியபோது அதில் நின்ற ஒன்பது கவிஞர்களில் அவரும் ஒருவர். மறு ஆண்டே அந்த நிகழ்ச்சிக்கு டோனி விருது. 2009-ல் தன் இளமைக் காலத்தை நூலாக எழுதினார். தனியொரு பெண்ணாகத் தாயான அனுபவத்தை 2015-ல் 'மதர்ஸ்ட்ரக்' என்ற தனிநபர் நாடகமாக்கினார். முதல் முழுக் கவிதைத் தொகுப்பு 'கிராஸ்ஃபயர்' வெளிவந்தது 2019-ல்தான். அதற்குள் மேடையில் இருபதாண்டு ஓடிவிட்டது. அச்சேறிய பிறகே கவிஞர் என்று ஒப்புவோருக்கு அவருடைய பதில் இந்தக் கணக்கு.

'கிராஸ்ஃபயர்' தொகுப்பின் துணைத் தலைப்பு, கரீபியப் பெற்றோருக்கு நியூயார்க்கில் பிறந்த ஆட்ரி லார்டின் கவிதைத் தலைப்பிலிருந்து வந்தது. ஸ்டேசியானுக்கு ஒரு தலைமுறை முன்பே இதே வழியில் நடந்தவர் லார்ட். அவரை அடுத்த வாரம் சந்திப்போம்.