எப்ஸ்டீன்–பார் வைரஸின் உட்கருப் புரதம்

1964-இல் எப்ஸ்டீன், அச்சாங், பார் ஆகிய மூவர் ஆப்பிரிக்கக் குழந்தைகளின் பர்க்கிட் கட்டியில் கண்டறிந்ததும், உலகில் வயது வந்தோரில் 100-க்கு 90 பேருக்கு மேற்பட்டோரின் சரீரத்தில் ஆயுள் முழுதும் உறைவதுமான வைரஸின் புரதம் ஈ.பி.என்.ஏ. 1. இது வைரஸின் மரபுப் பொருளை நம் குரோமோசோம்களோடு பிணைத்து, உயிரணு பிரியுந்தோறும் இரு சேயணுக்களுக்கும் அதைச் சேர்ப்பிக்கிறது. தன்னுள் கிளைசின், அலனின் என்னும் இரண்டே அமினோ அமிலங்கள் திரும்பத் திரும்ப வரும் நீண்ட பகுதியொன்றால், நோயெதிர்ப்பு மண்டலத்தின் டி அணுக்களின் கண்ணுக்குப் பெரும்பாலும் தப்பிவிடுகிறது. வியக்கத்தக்க கபடம் இது! நாகாலாந்தில் மிகுதியாகக் காணப்படும் மூக்குத்தொண்டைப் புற்றுநோயோடு இவ்வைரஸ் தொடர்புடையதே எனினும், விறகுப் புகை, பரம்பரை முதலிய துணைக்காரணங்களை விட்டு இதன்மேல் மட்டும் பழி சுமத்துவது நியாயமன்று. இப்புரதத்தின் ஒரு துண்டு மூளையிலுள்ள கிளையல்கேம் புரதத்தை ஒத்திருப்பதால், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயாளிகள் சிலரிடம் இதற்கெதிராக உருவான எதிர்ப்பொருள்கள் சொந்த நரம்பு மண்டலத்தையே தாக்கக்கூடும் என்பதை 2022-இல் வெளிவந்த ஆராய்ச்சி புலப்படுத்தியது.