சின்னமலைக்கு யார் முகம்?

எங்கள் வெள்ளகோவிலில் என் நண்பன் ஒருவன் ஓவியம் படிக்கிறான். ஆடிப்பெருக்குக்கு வைப்பதற்காகத் தீரன் சின்னமலை படம் ஒன்றைப் பெரிதாக வரைந்து தரச் சொல்லியிருந்தார்கள். ஒரே வாரத்தில் முடித்துவிட்டான். குதிரை, வாள், முறுக்கு மீசை எல்லாமே பிரமாதம். அவனுடைய அப்பாரு வந்து உற்றுப் பார்த்துவிட்டு, "ஏங்கண்ணு, இவரு சினிமாவுல வர்றவருல்ல?" என்றார்.

நாங்கள் எல்லோரும் சிரித்துவிட்டோம். அவன் மட்டும் சிரிக்கவில்லை. அப்பாரு சொன்னது உண்மைதான். மீசை முதல் பார்வை வரை ஒரு நடிகரைப் பார்த்து வரைந்திருந்தான். வேறு யாரைப் பார்த்து வரைவது? காங்கேயம் பக்கம் மேலப்பாளையத்தில் 1756-ல் பிறந்தவர் சின்னமலை. நாம் பார்க்கும் சிலைகளும் படங்களும் பிற்காலக் கலைஞர்களின் கற்பனை. 2005-ல் அவருக்குத் தபால்தலையே வந்துவிட்டது. ஆனாலும் நிஜ முகம் நம்மிடம் இல்லை.

இதே சிக்கல் அதே 1756-ல் பிறந்த ஒரு அமெரிக்கருக்கும் வந்தது. பெயர் ஜான் டிரம்புல். அமெரிக்க விடுதலைப் போரில் கொஞ்ச காலம் வாஷிங்டனின் உதவியாளராக இருந்தவர். பிறகு ஓவியம் கற்க லண்டனுக்குப் போய் பெஞ்சமின் வெஸ்ட் என்ற ஓவியரிடம் சேர்ந்தார். எதிரி நாட்டுத் தலைநகர் அல்லவா? 1780-ல் பிடித்துச் சில மாதங்கள் சிறையில் வைத்துவிட்டார்கள். போர் முடிந்ததும் மறுபடி அதே குருவிடம் போனார். தன் நாட்டின் விடுதலைக் கதையைத் தொடர் ஓவியங்களாக வரைய வேண்டும் என்பது அவர் ஆசை.

1786-ல் சுதந்திரப் பிரகடன ஓவியத்தைத் தொடங்கினார். பாரிஸில் இருந்த ஜெஃபர்சன், அந்த அறை எப்படி இருந்தது என்று நினைவிலிருந்து வரைந்து கொடுத்தார். அதில் கதவுகளின் இடம் தப்பு! ஆனால் முகங்கள் விஷயத்தில் டிரம்புல் கறாராக இருந்தார். உயிரோடு இருந்தவர்களை ஊர் ஊராகத் தேடிப் போய் வரைந்தார். ஹாரிசன் என்பவர் இறந்துபோயிருந்ததால், அவர் சாயலில் இருந்த மகனைப் பார்த்து வரைந்தார். நம்பகமான சாயலே கிடைக்காதவர்களைப் படத்தில் சேர்க்கவில்லை. கையெழுத்திட்ட 56 பேரில் 42 பேர்தான் அதில் இருக்கிறார்கள்.

இதை நண்பனிடம் சொன்னேன். "அப்படிப் பாத்தா சின்னமலைய வரையவே கூடாதுடா" என்றான்.

நியாயமான கேள்விதான். எழுதி வைத்தவர்களும் வரைந்து வைத்தவர்களும் யார் என்று பாருங்கள். 1781-ல் யார்க்டவுனில் அமெரிக்கர்களிடம் தோற்ற ஆங்கிலேயத் தளபதி கார்ன்வாலிஸ். உடல்நிலை சரியில்லை என்று சொல்லிச் சரணடையும் நிகழ்ச்சிக்குத் தனக்குக் கீழ் இருந்தவரை அனுப்பிவிட்டார். அதே கார்ன்வாலிஸ் 1786-ல் இந்தியாவுக்குக் கவர்னர் ஜெனரலாக வந்தார். 1792-ல் திப்புவைப் பணியவைத்து, அவருடைய இரண்டு பிள்ளைகளைப் பிணையாக வாங்கினார். சேலம் சீமை கம்பெனி கைக்குப் போனது அப்போதுதான். அந்தப் பிணைக் காட்சியை லண்டனில் இருந்தபடியே வரைந்தவர்களில் ஒருவர் மாதர் பிரவுன். அவரும் பாஸ்டனில் பிறந்த அமெரிக்கர், அதே வெஸ்டின் மாணவர். நம் நாட்டைப் பார்த்ததே இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. கார்ன்வாலிஸ் இரண்டாம் முறை கவர்னர் ஜெனரலாகப் பதவி ஏற்றது 1805 ஜூலை 30. மறுநாள், ஜூலை 31-ல், சங்ககிரியில் சின்னமலை தூக்கிலிடப்பட்டார். ஒன்றுக்கொன்று தொடர்பில்லை, தேதிகள் அப்படி அமைந்துவிட்டன. ஆனால் கார்ன்வாலிஸுக்கு எத்தனையோ ஓவியங்கள் இருக்கின்றன. நம்மவருக்கு ஒன்றுகூட இல்லை.

ஆகவே, சாயல் கிடைக்காவிட்டால் விட்டுவிடு என்ற டிரம்புல் விதி ஜெயித்தவர்களுக்குத்தான் சரிப்படும். தோற்றவர்களுக்கு அதை வைத்தால் அவர்கள் இரண்டாம் முறையும் அழிந்துபோவார்கள். அதற்காக சினிமா நடிகரின் முகத்தை ஒட்டவும் முடியாது. ஒரு படம் பல காலம் கண்முன் நின்றுவிட்டால் அதுதான் வரலாறு என்று ஆகிவிடும். டிரம்புல் வரைந்தது வரைவுப் பிரகடனத்தை 1776 ஜூன் 28-ல் சபைமுன் வைக்கும் காட்சி. ஆனால் ஜூலை 4 கையெழுத்துக் காட்சி என்று நம்புகிறவர்கள்தான் அதிகம்.

எனக்குப் பிடித்தது ஹாரிசன் வழி. அப்பன் இல்லாவிட்டால் மகன் முகம். நம்மிடம் மண் இருக்கிறது, மனிதர்களும் இருக்கிறார்கள்.

நண்பனும் அதைத்தான் செய்தான். மேலப்பாளையத்துக்கும், அவர் கோட்டை கட்டிய ஓடாநிலைக்கும் நோட்டோடு போனான். காங்கேயத்தில் மாடு பிடித்துக்கொண்டு நின்ற பெரியவர்களை வரைந்தான். வெயிலில் சுருங்கிய கண், ஒடுங்கிய கன்னம், தலையில் துண்டு. புதுப் படத்தில் வாள் சின்னதாகிவிட்டது, முகம் பெரிதாகிவிட்டது. கீழே ஒரு மூலையில் "முகம் கற்பனை" என்று எழுதியும் வைத்தான்.

அப்பாரு மறுபடி வந்து பார்த்தார். "இது நம்மூரு ஆளு" என்றார்.