மொசோரியட்டின் இரண்டு கணினிகள்

மென்பொருள் எழுதிப் பிழைப்பவன் நான். எங்கள் தொழிலில் ஒரு நம்பிக்கை உண்டு: கம்ப்யூட்டர் உள்ளே வந்தாச்சுன்னா காகிதம் வெளியே போயிடணும். மேற்குக் கென்யாவின் மொசோரியட் கிராமச் சுகாதார மையத்தைப் பற்றிப் படித்தபோது அது கொஞ்சம் ஆட்டம் கண்டது.

2001 பிப்ரவரியில் கென்யாவின் மோய் பல்கலைக்கழகமும் அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகமும் சேர்ந்து அங்கே ஒரு மின்னணு நோயாளர் பதிவேட்டைத் தொடங்கின. மைக்ரோசாஃப்ட் ஆக்ஸஸில் எழுதிய எளிய மென்பொருள், இரண்டே கணினிகள், கரண்ட் போனால் தாங்க யுபிஎஸ், சோலார் பேட்டரி.

காகிதம் மட்டும் போகவில்லை. நோயாளி பதிவு மேசையில் ஒரு படிவத்தை வாங்கிக்கொள்வார். அவர் போகுமிடமெல்லாம் அதுவும் போகும். கிளம்பும்போது எழுத்தர் அதைக் கணினியில் ஏற்றுவார். சிகிச்சை தருபவரை யாரும் டைப் அடிக்கச் சொல்லவில்லை.

2003இல் ஆய்வு முடிவு வெளியானது. நோயாளி மையத்தில் செலவிடும் நேரம் 22% குறைந்திருந்தது. சிகிச்சை தருபவரோடு இருக்கும் நேரம் 58% குறைந்திருந்தது.

இந்த 58-ஐ எப்படி வாசிப்பது? எங்க ஆபீஸ் மீட்டிங்கில் காட்டினால் கைதட்டுவார்கள். ஆனா காத்திருந்து உள்ளே போன ஒரு அம்மாவுக்கு? குறைந்தது நோட்டில் எழுதும் நேரமா, அவர் பேச்சைக் கேட்கும் நேரமா? எண் அதைப் பிரித்துச் சொல்வதில்லை.

எச்ஐவி சிகிச்சைத் திட்டம் வேகமாகப் பெருக, ஒரு கிராமத்துக்காக எழுதிய மென்பொருள் திணறியது. அந்த நெருக்கடியில் 2004இல் ‘ஓப்பன்எம்ஆர்எஸ்’ பிறந்தது. 2006இல் கென்யாவில் இயங்கத் தொடங்கியது. அதன் அடிப்படை ஒரு அகராதி. இருமல், எடை, ரத்த அழுத்தம் எல்லாம் அதில் சொற்கள். புதுக் கேள்வி வேணுமா, ஒரு சொல்லைச் சேர்த்தால் போதும். டேட்டாபேஸை உடைத்துக் கட்ட வேண்டாம். அதன் மேல் எழுந்த ‘பாம்னி’ சத்தீஸ்கரின் கனியாரி கிராம மருத்துவமனையில் பயன்பாட்டுக்கு வந்தது.

இந்த வரலாற்றில் நான் மதிப்பது அகராதியைவிட அந்த ஆய்வைத்தான். கணினி வருவதற்கு முன்பும் வந்த பின்பும் ஆட்களின் நிமிடங்களை அளந்து, வந்ததை அப்படியே வெளியிட்டார்கள். அதனால்தான் இருபது வருடம் கழித்தும் அந்த 58-ஓடு சண்டை போட முடிகிறது. அளக்காமல் நிறுவிய மென்பொருளோடு சண்டை போடக்கூட வழியில்லை.