பரம்பரையலகு அடக்கமும் அழற்சி நோயும்: ஒரு வரலாற்று நோக்கு

கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குச் செவ்வாய்க்கிழமைதோறும் வந்துசேரும் கூட்டத்திற் கத்தோலிக்கர் மட்டுமன்றி இந்துக்களும் பௌத்தரும் உளர். அவர்தம் நேர்த்திகள் பலவற்றுக்கு நோயே காரணம். கோயிலுக்கு அண்மையிலே துறைமுகம். 1914இற் பிளேக் நோய் கொழும்புக்குள் நுழைந்தது அவ்வழியாகவே. கடல்கடந்து வந்த மருந்துப் பெட்டிகள் இறங்கியதும் அவ்வழியாகவே. எந்த மருந்து இறங்கும், என்ன விலைக்கு இறங்கும் என்பதை நோயாளி தீர்மானிப்பதில்லை. அண்மைக் காலத்தில் அழற்சி நோய்களுக்கு மருந்தாகுமென எதிர்பார்க்கப்பட்ட பரம்பரையலகு அடக்கத்தின் வரலாற்றை இக்கேள்வியோடு இணைத்து நோக்குவதே நமது நோக்கமாகும். இலக்கிய ஆய்வாளருக்கு இங்கென்ன வேலை என வினவுவோர் இருக்கலாம். விஞ்ஞானமும் இலக்கியத்தைப் போன்று சமூக உழைப்பின் விளைவு என்பதே நமது விடை.

பரம்பரையலகு கலத்தின் கருவில் உள்ளது. அதன் பிரதியான தூது ஆர்.என்.ஏ. வெளியே வந்து, குறித்த புரதம் உருவாவதற்கான கட்டளையைத் தருகிறது. நாம் இங்கு நோக்கும் அடக்கமுறை பரம்பரையலகைத் தொடுவதில்லை. தூதை வழிமறித்து அழிக்கிறது. தூதனைக் கொல்லலாகாது என்பது நமது காவிய மரபு போற்றிய அறம். கலத்தினுள் அவ்வறம் செல்லுபடியாகாது போலும்!

1978இல் ஹாவட் பல்கலைக்கழகத்தில் சமெக்னிக், ஸ்டீவன்சன் ஆகியோர், தூதுக்கு எதிர்நிரையான குறுந்துண்டொன்றால் வைரசின் பெருக்கத்தைத் தடுக்கலாமெனக் காட்டினர். 1990இற் கலிபோர்னியாவில் பெற்றூனியாப் பூவின் ஊதா நிறத்தை ஆழமாக்க வேண்டி நிறத்துக்குரிய பரம்பரையலகை மேலதிகமாகப் புகுத்தியபோது, சில பூக்கள் வெள்ளையாகிவிட்டன. இப்புதிருக்கு வழிதிறந்தது, 1998இல் ஃபயர், மெல்லோ ஆகியோர் சிறு புழுவொன்றிற் செய்த ஆய்வு: ஈரிழை ஆர்.என்.ஏ. தனக்கு ஒத்த தூதை அழிக்கச் செய்கிறது. 2006இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. இதற்கிடையில் 2001இல் துஷ்லின் குழுவினர் பாலூட்டிகளின் கலங்களிலும் இதனை நிகழ்த்திக் காட்டினர். 2003இல் லீபர்மனின் குழுவினர் கடும் ஈரலழற்சியிலிருந்து எலிகளைக் காத்தனர். பூவும் புழுவும் எலியும் பல நாட்டு ஆய்வாளரின் உழைப்பும் சேர்ந்து உருவாக்கிய பொது அறிவு இது.

மனிதரின் அழற்சி நோயில் இவ்வறிவு கண்ட பெரிய சோதனையாக மொங்கர்சனின் கதையைக் கொள்ளலாம். குரோன் நோய் குடலை நீண்டகாலம் அழற்சிக்குள்ளாக்குவது. அழற்சியைத் தணிக்கும் உடலின் இயல்பான சமிக்ஞையொன்றை, இந்நோயாளரின் குடலில் மிகுந்து காணப்படும் ஸ்மாட்7 என்னும் புரதம் தடுத்துவிடுகிறது. தடுப்பதைத் தடுத்தால் உடல் தன் வேலையைத் தானே செய்யும் என்பதே ரோம் நகரின் மொந்தெலியோனே குழுவினரின் கருத்து. ஸ்மாட்7இன் தூதை அழிக்கும் எதிர்நிரைத் துண்டு மாத்திரையாக விழுங்கப்பட்டுக் குடலின் குறித்த பகுதியிலே வெளிப்படும்படி அமைக்கப்பட்டது. 2015இல் வெளியான, 166 நோயாளர் பங்குபற்றிய ஆய்வில் உயர்ந்த இரு அளவுகளைப் பெற்றோருள் முறையே 55, 65 வீதத்தினருக்கு நோய் தணிந்தது. போலி மாத்திரை பெற்றோருள் ஏறத்தாழ 10 வீதத்தினருக்கே தணிந்தது. இத்தகைய வேறுபாடு மருத்துவத்தில் அரிது. ஆயின் குடலை அகநோக்கியாற் பார்த்து அது உறுதிசெய்யப்படவில்லை. அவ்வாய்வு வெளியாகுமுன்னரே, 2014இல், செல்ஜீன் கம்பனி 71 கோடி டொலர் முற்பணம் கொடுத்து மருந்தின் உரிமையை வாங்கியிருந்தது. 2017 ஒக்டோபரில் மூன்றாங்கட்ட ஆய்வு பயன் தராதெனக் கைவிடப்பட்டது.

கருத்தே பிழையா? பின்னர் வெளியான ஆய்வு வேறொன்றைச் சுட்டியது: மருந்தின் எல்லாத் தொகுதிகளும் ஒரே தன்மையின அல்ல, சில தொகுதிகள் ஸ்மாட்7ஐ அடக்கவேயில்லை. கருத்துத் தோற்றதா, உற்பத்தி தோற்றதா என்பது இன்றும் தெளிவாகவில்லை. தெளிவாக்குவதில் முதலீட்டாளருக்கு அக்கறை இருக்கவில்லை என்றே நாம் கருதுகிறோம். குரோன் நோய்க்கு இம்முறையிலமைந்த மருந்தெதுவும் இன்றுவரை அனுமதி பெறவில்லை.

மூலதனம் இத்துறைக்குள் வந்ததும் போனதும் இவ்வாறே. மேர்க் 2006இல் ஏறத்தாழ 110 கோடி டொலருக்கு ஒரு கம்பனியை வாங்கி, 2014இல் அதனிற் சிறுபங்கு விலைக்கு விற்றது. றோஷ் 2010இல் வெளியேறியது. எல்லாவற்றையும் இலாபத்தின் சூழ்ச்சியென்று கூறிவிடுவது வரட்டுவாதமாகும். துண்டு ஆர்.என்.ஏ.யை உரிய கலத்துக்குள் கொண்டுசேர்ப்பது உண்மையிலேயே கடினம். உடலின் நிர்ப்பீடனத் தொகுதி அதை வைரசெனக் கருதித் தானே அழற்சியைத் தூண்டுவதுமுண்டு. ஈரலுக்கு அனுப்புவதே எளிது. அதற்கான சர்க்கரை இணைப்பு இரசாயனத்திற் பெரும்பங்காற்றியவர் தமிழ்நாட்டவரான முத்தையா மனோகரன். தமிழர் ஒருவர் என்ற பெருமிதத்தோடு நின்றுவிடுவது நம்மவர் வழக்கம். அம்மூலக்கூறு யாருடைய உடைமை என்று கேட்பதில்லை. 2018இல் அனுமதி பெற்ற இவ்வகையின் முதல் மருந்தான பற்றிசிரான் அரிய பரம்பரை நோயொன்றுக்குரியது. அமெரிக்காவில் அதன் ஓராண்டு விலை 450,000 டொலர் என அறிவிக்கப்பட்டது.

கொழும்பு, கம்பகா மாவட்டங்களின் வைத்தியசாலைகளில் நடந்து 2010இல் வெளியான ஆய்வு, இலட்சம் பேருக்கு 1.2 பேர் குரோன் நோயுடனும் 5.3 பேர் புண்ணுடைய பெருங்குடல் அழற்சியுடனும் இருப்பதாகக் கணித்தது. எண்ணிக்கை சிறிது, சந்தை நோக்கில் இவர்கள் இல்லாதவர்களே.

இவ்விடத்தில் சேனக பிபிலேயை நினையாதிருத்தல் இயலாது. 1971இல் பொதுவுடைமைக் கட்சித் தலைவரான வைத்தியர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் மருந்தியற் பேராசிரியர் பிபிலேயும் அளித்த அறிக்கையின் வழியே அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் தோன்றியது. வணிகப் பெயர்களுக்குப் பதிலாக மருந்தின் பொதுப்பெயர், இறக்குமதிக்கு ஒரே வாயில், உலகளாவிய கேள்விப்பத்திரம். சந்தையில் இருந்த ஏறத்தாழ 2,100 மருந்துகள் 600 அளவாகக் குறைக்கப்பட்டன. பன்னாட்டுக் கம்பனிகளும் அவற்றின் தாய்நாட்டு அரசுகளும் இதனைச் சும்மா விடவில்லை. 1977இல் ஆட்சி மாறி இறக்குமதி தாராளமாக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே பிபிலே கயானாவிற் காலமானார்.

பிபிலேயின் முறை, பலர் தயாரிக்கக்கூடிய எளிய மூலக்கூறுகளுக்கு ஏற்றது. துண்டு ஆர்.என்.ஏ.க்கு மலிந்த பொதுப்பெயர் மருந்து இலகுவில் வராது; அதன் தொகுதிகள் ஒத்தனவா என்று பார்ப்பதற்கே உயர்ந்த ஆய்வுகூடம் வேண்டும். 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தாற் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபை நிறுவப்பட்டது. எனினும் 2023இல், அழற்சி நோய்களுக்கும் பயன்படும் இம்யூனோகுளோபுலின் தரமற்றதாக அரச வைத்தியசாலைகளுக்கு வழங்கப்பட்டமை வெளிப்பட்டு, 2024 பெப்ரவரியில் முன்னாள் சுகாதார அமைச்சர் கைதுசெய்யப்பட்டார். மொங்கர்சனின் தொகுதி வேறுபாடு ஐரோப்பிய ஆய்வுகூடத்திற் காலந்தாழ்த்தியேனும் கண்டறியப்பட்டது. இங்கே குறைபாட்டை முதலில் உணர்ந்தவை நோயாளரின் உடல்கள்.