மண்ணுக்குக் கீழே ஒரு தளம்: வீட்டுக்கு விலை வைத்த வரலாறு

வீட்டின் மதிப்பு என்பது மனையின் விலையும் கட்டடத்தின் விலையும் சேர்ந்தது. மனைக்கு அக்கம்பக்கத்துக் கிரயங்களைப் பார்த்து ஒரு தொகை சொல்லிவிடலாம். கட்டடத்தில் எதைக் கணக்கில் சேர்ப்பது, எதை விடுவது என்பதில்தான் வழக்கு வரும். ஒரு தளம் முன்பக்கம் மண்ணுக்குள் புதைந்தும் பின்பக்கம் கதவு திறந்து வெளியே போகும்படியும் இருந்தால் வழக்கு இன்னும் வலுக்கும். அது வீட்டின் பகுதியா, வெறும் கிடங்கா?

அத்தகைய தளம் அமைய நிலம் சரிவாக இருக்க வேண்டும். தோண்டிய மண் சரியாமல் நிற்க வேண்டும். திருச்செந்தூருக்குத் தெற்கே உள்ள குலசேகரன்பட்டினக் கரையில் மணலே அதிகம். பள்ளம் பறித்தால் பக்கங்கள் சரியும். கடலோரத்தில் சற்றுத் தோண்டினாலே ஊற்றும் கிளம்பும். ஆகவே இங்கே வீடு கீழே இறங்கவில்லை. பேஸ்மட்டத்தை உயர்த்தி, திண்ணை வைத்து, பனங்கைகளைப் பரப்பிக் கூரை போடுவதே வழக்கம். வசதியுள்ளவர்கள் காரைச் சுவரும் ஓடும் வைத்துக் கட்டினார்கள்.

பாண்டியர் காலத்துத் துறைமுகங்களில் ஒன்றான இவ்வூர், குலசேகர பாண்டியன் பெயரைத் தாங்கி நிற்பது. அந்நாளில் அரசு வீட்டைப் பார்த்தது விலைக்காக அல்ல, வரிக்காக. கல்வெட்டுகளின் வரிப் பட்டியல்களில் 'மனை இறை' வருகிறது. விஜயநகரக் காலத்தில் 'வாசல் பணம்' சேர்கிறது. வாசலை எண்ணி வரி போட்ட காலத்தில், கீழ்த்தளத்துக்குத் தனி வாசல் வைத்தவர் இரண்டு பங்கு கட்ட நேர்ந்திருக்கும்.

ஆங்கிலேயரின் ரயத்துவாரி முறை நிலத்தைத் துண்டு துண்டாக அளந்து, மண்ணின் தரத்துக்கும் பாசனத்துக்கும் ஏற்பத் தீர்வை விதித்தது. குடியிருப்புப் பகுதியான நத்தத்தை மட்டும் தீர்வைக்கு வெளியே விட்டது. இதன் விளைவு பெரிது. புன்செய்க் காட்டுக்கு அரசுக் கணக்கில் ஓர் எண் இருந்தது. அதன் சொந்தக்காரர் குடியிருந்த வீட்டுக்கு எதுவும் இல்லை. பாகப்பிரிவினை, அடமானம், நீதிமன்ற ஏலம் என்று ஏதாவது நேர்ந்தால்தான் வீட்டுக்கு விலை பேசப்பட்டது. அதைப் பேசியவர்கள் கொத்தனாரும் ஆசாரியும் ஊர்ப் பெரியவர்களும். நிலைக்கதவு என்ன மரம், உத்தரம் எத்தனை, ஓடு எந்த ஊருடையது என்பதே அவர்கள் பார்வை. பொருளை எண்ணி விலை சொன்னார்களே தவிர, சதுர அடியை எண்ணவில்லை.

நகராட்சிகள் வேறு வழியில் போயின. 1920ஆம் ஆண்டின் மதராஸ் மாவட்ட நகராட்சிகள் சட்டம், வீடு ஆண்டுக்கு என்ன வாடகை பெறும் என்று கணித்து, பழுதுபார்ப்புக்காகக் கட்டடத்தின் பங்கில் 10 சதவீதம் கழித்து, மிச்சத்தின்மேல் வரி போடச் சொன்னது. வாடகைக்கு விடக்கூடிய அறை எங்கே இருந்தாலும் இந்தக் கணக்குக்குள் வந்துவிடும். மண்ணுக்கு மேலா கீழா என்று கேட்காத ஒரே முறை இதுதான் என்று சொல்லலாம். ஊராட்சிகளின் வீட்டு வரியோ கூரையைப் பார்த்தது: கூரை வீடு, ஓட்டு வீடு, கான்கிரீட் வீடு.

மதிப்பீடு தனித் தொழிலானது விடுதலைக்குப் பிறகுதான். 1957இல் வந்த செல்வ வரிச் சட்டம் சொத்துக்கு ஆண்டுதோறும் மதிப்புக் கேட்டது. 1972இல் செய்த திருத்தம் பதிவுபெற்ற மதிப்பீட்டாளர் என்ற பதவியை உண்டாக்கியது. இடையில் 1967இல் தமிழ்நாடு அரசு முத்திரைச் சட்டத்தில் 47-ஏ பிரிவைச் சேர்த்து, பத்திரத்தில் விலையைக் குறைத்து எழுதுவதைத் தட்டிக்கேட்கும் அதிகாரத்தைப் பதிவுத்துறைக்குக் கொடுத்தது. இன்று மனைக்கு வழிகாட்டி மதிப்பு. கட்டடத்துக்குப் பொதுப்பணித் துறையின் தளப்பரப்பு விலையில் தேய்மானம் கழித்த தொகை. இந்த ஏற்பாட்டில் நேர்மை உண்டு, நுட்பம் குறைவு. வீடு எதனால் ஆனது, எத்தனை வயது என்பது அதற்குத் தெரியும். எந்த அறைக்கு வெளிச்சம் வருகிறது என்பது தெரியாது.

நிலத்தடித் தளத்தைப் பற்றி விதி பேசுவது தேசியக் கட்டட நெறித்தொகுப்பில். 1970இல் முதலில் வெளியாகி 2016 வரை பலமுறை திருத்தப்பட்ட அத்தொகுப்பு, நிலத்தடித் தளத்துக்குக் குறைந்தது 2.4 மீட்டர் உயரம் கேட்கிறது. அதன் கூரை சுற்றுத் தரையைவிட 0.9 மீட்டருக்குக் குறையாமலும் 1.2 மீட்டரைத் தாண்டாமலும் உயர்ந்திருக்க வேண்டும் என்கிறது. பொருள் வைக்க, வண்டி நிறுத்த, இயந்திரம் பொருத்த என்றே அதன் பயனை வகுக்கிறது. சமவெளிக்கு இது பொருந்தும். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் சாலை மட்டத்தில் வாசல் வைத்து, உள்ளே படியிறங்கினால் பள்ளத்தாக்கைப் பார்த்த முழு வீடு ஒன்று இருக்கும். அங்கே கீழ்த்தளம் என்பது பல நேரங்களில் வீட்டின் நல்ல தளம். மலையூர்களுக்கென்று 1993இல் தனிக் கட்டட விதிகள் வந்தன.

கீழ்த்தளம் வீட்டின் பகுதியா என்ற கேள்வியை முழுத் தொழில் நுணுக்கமாக வளர்த்தது வட அமெரிக்கா. குளிர்நாட்டில் அஸ்திவாரம் உறைபனி மட்டத்துக்குக் கீழே போயாக வேண்டும். தோண்டிய பள்ளத்தை அறையாக்குவது இயல்பு. 1983க்குப் பிறகு டொராண்டோவின் ஸ்கார்பரோவுக்குப் போன ஈழத் தமிழர் பலருக்கு முதல் குடித்தனம் அத்தகைய பேஸ்மென்ட்தான். அமெரிக்காவில் 1996இல் வெளியான இசட்765 தரநிலை, ஒரு தளத்தின் எந்தப் பகுதி மண்ணுக்குக் கீழே இருந்தாலும் தளம் முழுவதும் கீழ்த்தளமே என்று தீர்த்தது. வெளியே திறக்கும் கதவும் பெரிய சன்னலும் இருந்தாலும் அதன் பரப்பு வாழ்பரப்பில் சேராது. தனி வரியில் எழுதப்படும். வீட்டுக்கடன்களை வாங்கும் ஃபேனி மே நிறுவனம் 2022 ஏப்ரல் முதல் இதைக் கட்டாயமாக்கியது. தனி வரியில் எழுதுவதால் மதிப்பு இல்லாமல் போகாது. மேலே 1,500, கீழே 1,000 சதுர அடி உள்ள வீட்டை, முழுவதும் மேலேயே 2,500 சதுர அடி உள்ள வீட்டோடு ஒப்பிடக்கூடாது என்பதே விதியின் உட்கருத்து. அதேபோல் கீழ்த்தளம் முடித்த வீடுகள் அப்பகுதியில் என்ன விலைக்குப் போயின என்று பார்த்து, அந்த வேறுபாட்டைக் கூட்ட வேண்டும்.

குலசேகரன்பட்டினத்துக்கு மதிப்பீடு பெரிய அளவில் வந்தது ராக்கெட் ஏவுதளத்தோடு. இங்கிருந்து தெற்கு நோக்கி ஏவினால் இலங்கையைச் சுற்றி வளைய வேண்டியதில்லை. அதனால் எரிபொருள் மிச்சம். மாதவன்குறிச்சி, படுக்கப்பத்து, பள்ளக்குறிச்சிப் பகுதிகளில் 2,200 ஏக்கருக்கு மேல் நிலம் எடுக்கப்பட்டு, 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. 1894ஆம் ஆண்டின் நிலமெடுப்புச் சட்டம் சந்தை மதிப்புக்கு மேல் 15 சதவீதம் ஆறுதல் தொகை கொடுத்தது. 1984இல் அது 30 ஆனது. 2013ஆம் ஆண்டுச் சட்டம் 100 சதவீதமாக்கியது. இச்சட்டத்தின் 29ஆம் பிரிவின்படி கட்டடத்தைப் பொறியாளரும், மரங்களைத் தோட்டக்கலை அறிந்தவரும், நிற்கும் பயிரை வேளாண்மை அறிந்தவரும் மதிப்பிடலாம். தேரிக்காடும் பனையுமான நாட்டில் மரக் கணக்கு கட்டடக் கணக்குக்கு இளைத்ததல்ல. மண்ணுக்குக் கீழே விலை பெறும் கட்டுமானம் இங்கே ஒன்றுதான்: கிணறு. அதன் ஆழமும் உள்கட்டும் அளக்கப்பட்டு, நிலத்தின் விலையோடு சேர்ந்து, ஆறுதல் தொகையும் பெறும்.